சூப்பர் கிரப்2 டிஸ்க்: ஃபார்மட் போடுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். "டிரைவைக் கொஞ்சம் பெருசு பண்ணுனேன்க்கா, அதுக்கப்புறம் மிஷின் ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் எடுப்பது ஒரு பழைய பென்டிரைவ். அதில் இருப்பது சூப்பர் கிரப்2 டிஸ்க். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கிற மிஷினில் யாரோ பார்ட்டிஷனில் (டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கிற பகுதிகளில்) கை வைத்து, இரண்டுமே ஏறாமல் போய்விட்டால், அந்த நேரத்துக்கென்றே செய்த சாமான் இது. இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ரொம்ப காலமாக என் கையில் இருப்பதால் அதன் நல்லதும் தெரியும், அது தரும் எரிச்சலும் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது எதையும் ரிப்பேர் செய்யாது. ஹார்டு டிஸ்கில் எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தேடும், கண்டுபிடித்ததைப் பட்டியல் போடும், நாம் கை காட்டியதை ஏற்றி விடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. தன் போக்கில் டிஸ்கில் ஒரு எழுத்துக்கூட எழுதாது. படித்தால் குறை மாதிரித் தெரியும். ஆனால் ஏறாத மிஷின் மேஜையில் கிடக்க, எதிர் ஸ்டூலில் அதன் சொந்தக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது இதைவிடத் தெம்பு தருகிற சாமான் வேறு கிடையாது. உள்ளே நிலவரம் என்னவென்றே தெரியாத நேரத்தில், எதையாவது எழுதுகிற டூலைப் போட்டால் இருப்பதும் போகலாம். இதைப் போட்டால் போவதற்கு ஒன்றுமில்லை.

இதன் மதிப்பு புரிய வேண்டுமென்றால், சைஸ் மாற்றியதும் மிஷின் ஏன் படுத்துக்கொள்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மிஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற புரோகிராம் பயாஸ். அந்தப் பழைய பயாஸ் முறையில் டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் பூட் கோடு, 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், மீதி 2 பைட் அடையாளக் குறி. கிரப் என்பது மெனு காட்டி, கேட்ட ஓஎஸ்ஸை ஏற்றிவிடுகிற லினக்ஸின் பூட் புரோகிராம். 446 பைட்டுக்குள் அது முழுசாக அடங்காது. அதனால் அடுத்த துண்டு, முதல் பார்ட்டிஷன் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் உட்கார்ந்திருக்கும். மெனு, மாட்யூல் முதலான பெரிய சாமான்கள் எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனில், பூட் ஃபோல்டருக்குள் இருக்கும். நடுத்துண்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மீதி சாமான் இத்தனையாம் நம்பர் பார்ட்டிஷனில் இருக்கிறது என்பது.

அந்த நம்பர் மாறினால் கதை முடிந்தது. எம்பிஆர் என்கிற இந்தப் பழைய அமைப்பு டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷன் நாலுதான். அதில் ஒன்றை எக்ஸ்டெண்டெட் என்கிற பெட்டியாக்கி, அதற்குள் போடுகிற லாஜிக்கல் டிரைவுகள் 5-லிருந்து வரிசையாக எண்ணப்படும். நடுவில் ஒன்றை அழித்தால், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஆளுக்கு ஒரு எண் இறங்கிவிடும். நம் ஊர்த் தெருவில் நகராட்சி கதவு எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போன மாதிரி. வீடு அங்கேதான் இருக்கிறது, கிரப்பின் கையில் இருப்பது பழைய எண். அது அந்த எண்ணில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி உட்கார்ந்துவிடுகிறது.

வருகிறவர்கள் அந்தத் திரையை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் நான் பார்ப்பது ரெஸ்க்யூ என்ற வார்த்தைக்கு மேலே இருக்கிற ஒற்றை வரியை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்று இருந்தால், கிரப் தேடிப் போன எண்ணில் பார்ட்டிஷனே இல்லை. 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்று இருந்தால், அந்த எண்ணில் ஏதோ இருக்கிறது, ஆனால் அது கிரப்புக்குப் புரிகிற ஆள் இல்லை. பெரும்பாலும் அது ஸ்வாப்பாக (ராம் பத்தாதபோது லினக்ஸ் எடுத்துக்கொள்கிற இடம்) இருக்கும். இந்த இரண்டு வரியுமே எனக்கு நல்ல செய்தி. ஹார்டு டிஸ்க் சுற்றுகிறது, முதல் செக்டர் படிக்கிறது, கிரப்பின் பாதி ஏறியும் விட்டது.

போன வருஷம் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் டெஸ்க்டாப் வந்தது. முதலில் விண்டோஸ் 7 போட்டு, பிறகு 10-க்கு ஏற்றிய மிஷின். ஏற்றும்போது டிஸ்க் எம்பிஆராகவேதான் இருந்திருக்கிறது. சி, டி, ஈ என்று மூன்று டிரைவ், கடைசியில் லினக்ஸ் மின்ட். டேலி டேட்டா எல்லாம் டி டிரைவில். டி நிறைந்துவிட்டது என்று அங்கே வேலை பார்க்கிற தம்பி, ஈ டிரைவில் இருந்ததை வெளியே எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஈயை அழித்து அந்த இடத்தை டியோடு சேர்த்திருக்கிறான். விண்டோஸ் கணக்கில் அது சுத்தமான வேலை. டியும் பெரிசாகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரை.

என்னிடம் வருவதற்கு முன்னால் வேறொரு கடைக்குப் போயிருக்கிறார்கள். "எல்லாம் போயிட்டு, ஃபார்மட்தான் போடணும், டேட்டா ரெக்கவரிக்குத் தனி சார்ஜ்னு சொல்லிட்டாங்கக்கா" என்றான் தம்பி. மாசம் 19-ஆம் தேதி. அடுத்த நாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆடிட்டர் சார் போன் மேல் போன். இவன் ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போய், "பாத்துக்கிட்டு இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

பென்டிரைவைச் சொருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தேன். சூப்பர் கிரப்2 டிஸ்கின் முகப்பு வந்தது. மேலே இருக்கிற வரி 'டிடெக்ட் அண்ட் ஷோ பூட் மெத்தட்ஸ்'. என்டர் தட்டினால் டிஸ்க் டிஸ்காகத் தேட ஆரம்பிக்கும். பழைய ஹார்டு டிஸ்காக இருந்தால் கொஞ்சம் நேரம் எடுக்கும். பிறகு ஒரு நீளப் பட்டியல். அதில் விண்டோஸ் ஒரு வரி. மின்டின் கிரப் கான்ஃபிக் ஃபைல் ஒரு வரி, பக்கத்திலேயே அது இருக்கிற இடம்: எச்டி1, எம்எஸ்டாஸ்6. எச்டி1 என்பது டிஸ்க், 6 என்பது அதில் பார்ட்டிஷனின் எண். அந்த 6-தான் விஷயம். முன்பு டி 5, ஈ 6, மின்ட் 7, ஸ்வாப் 8 என்று இருந்திருக்கிறது. ஈ போனதும் மின்ட் 6 ஆகி, ஸ்வாப் 7 ஆகிவிட்டது. கிரப் இன்னும் 7-லேயே தட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் வந்தது ஏன் 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்று இதிலேயே விளங்கிவிடும். எச்டி1 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பென்டிரைவிலிருந்து ஏறும்போது பயாஸ் பெரும்பாலும் அதற்கு 0 கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற டிஸ்கை 1 ஆக்கிவிடும்.

முதலில் விண்டோஸ் வரியைத் தட்டினேன். தம்பிக்கு உயிர் வர வேண்டுமே. விண்டோஸ் ஏறியது, டேலி திறந்தது, கம்பெனிகள் எல்லாம் வரிசையில் இருந்தன. அவன் எதுவும் பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடையிலேயே ஒரு பேக்கப்பை எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுக்க ஆரம்பித்துவிட்டான். நல்ல பிள்ளை.

பேக்கப் முடிந்ததும் திரும்ப அதே பென்டிரைவ், இந்தத் தடவை மின்ட் வரி. மின்ட் தன் ரூட் பார்ட்டிஷனை எண்ணைப் பார்த்துத் தேடுவதில்லை, யூயூஐடி என்கிற நீள அடையாளத்தைப் பார்த்துத் தேடும். எண் மாறினாலும் அந்த அடையாளம் மாறாது. அதனால் சாதாரணமாக ஏறிவிட்டது. டெர்மினலைத் திறந்து, எல்எஸ்பிஎல்கே போட்டு எது உள் டிஸ்க், எது பென்டிரைவ் என்று உறுதி செய்துகொண்டேன். அப்புறம் கிரப்பைப் புது எண்ணோடு திரும்ப எழுதுகிற கிரப்-இன்ஸ்டால், அதன் பின்னால் மெனுவைப் புதுசாக்குகிற அப்டேட்-கிரப். கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்கின் பெயரைக் கொடுக்க வேண்டும், எஸ்டிஏ என்று. எஸ்டிஏ6 என்று பார்ட்டிஷன் பெயரைக் கொடுக்கக் கூடாது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட். பழைய மெனு வந்துவிட்டது. மொத்த வேலையில் அதிக நேரம் பிடித்தது அந்த பேக்கப்புக்குத்தான்.

"இவ்வளவுதானாக்கா?" என்று கேட்பார்கள். இவ்வளவுதான். இதற்குக் கூலி வாங்குவதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. ஃபார்மட் போட்டிருந்தால் விண்டோஸ், டிரைவர், டேலி லைசென்ஸ், பிரின்டர் என்று ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும். அதற்கெல்லாம் யாரும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பார்கள். இதற்கு மட்டும் பேரம் பேசுவார்கள்.

டேலி மிஷின் மாதிரி கேஸ் எப்போதாவது வருவது. வருஷக்கணக்கில் இந்தப் பென்டிரைவுக்குச் சோறு போட்டது அரசு லேப்டாப்கள். 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான பிள்ளைகள் அதன் பக்கமே போகவில்லை. படமும் பாட்டும் நிறைந்து இடம் போதாமல் போனதும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பார்கள். அங்கே எழுத்து எதுவும் ஒட்டாத ஒரு பெரிய பார்ட்டிஷன் சும்மா கிடக்கும். விண்டோஸுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவம் என்றால் என்னவென்று தெரியாது, அதனால் பெயர் சொல்லாது. "வேஸ்ட்டா கெடக்குன்னு டெலிட் பண்ணிட்டேன்க்கா." இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் படித்து முடித்து, அதே லேப்டாப் தங்கை கைக்கு வந்து, அவளும் அதையே செய்துகொண்டு வந்த குடும்பமும் உண்டு. நடுவில் யாரோ பாஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கேஸில் லினக்ஸே போய்விட்டது, கிரப்பை மட்டும் சரிசெய்து பிரயோஜனம் இல்லை. சூப்பர் கிரப்2 டிஸ்கில் விண்டோஸை ஏற்றிப் பார்த்து, பிள்ளையின் ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் இருக்கிறதா என்று காட்டிவிட்டு, பிறகு விண்டோஸ் டிவிடியில் ஏறி கமாண்ட் பிராம்ப்டில் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர். முதல் செக்டரில் கிரப் இருந்த இடத்தில் விண்டோஸின் கோடு வந்துவிடும். அந்தக் கட்டளை பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது, பயப்பட வேண்டியதில்லை. பாஸும் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களுக்கு, அழித்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால், டெஸ்ட்டிஸ்க் வைத்து மீட்கலாம். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச டூல் அது. அழிந்த பார்ட்டிஷனின் எல்லைகளைத் தேடிப் பிடித்து டேபிளைத் திரும்ப எழுதும். எழுதும் என்பதைக் கவனியுங்கள். அதனால் என்னிடத்தில் அதன் முறை இரண்டாவதுதான்.

இனி எரிச்சல்கள்.

ஒன்று, அந்தப் பட்டியல். ஒரு உபுன்டு இருந்தாலே கிரப் கான்ஃபிக் ஒரு வரி, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு கெர்னலும் (லினக்ஸின் மையப் புரோகிராம்) ஒரு வரி, ரெக்கவரி மோடு இன்னொரு வரி என்று நீண்டுகொண்டே போகும். பழக்கம் இல்லாதவர் அதைப் பார்த்தால் மிஷினில் இருபது ஓஎஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கான்ஃபிக் ஃபைலின் பெயரோடு முடிகிற வரியைத் தேர்ந்தெடுங்கள், வழக்கமான மெனு அப்படியே வந்துவிடும் என்று ஒரு வரி உதவிக்குறிப்பு திரையிலேயே போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். கறுப்புத் திரை, அம்புக்குறி, என்டர், அவ்வளவுதான் அதன் அலங்காரம். கடைக்காரிக்குப் பரவாயில்லை. வீட்டில் தனியாகச் செய்பவருக்குப் பயமாக இருக்கும்.

இரண்டு, எந்த முறையில் ஏற்றுகிறோம் என்பதை அது நமக்காகப் பார்த்துக்கொள்ளாது. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் (பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறை) போட்டிருந்தால், பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் ஏற்ற வேண்டும். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு தடவை காட்டும், ஒன்றில் யூஇஎஃப்ஐ என்று முன்னால் எழுதியிருக்கும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிற விண்டோஸ்கூட ஏறாது. "நீங்க சொன்னத போட்டேன், அதுவும் கண்டுபிடிக்கல" என்று போனில் சொல்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

மூன்றாவதைக் குறை என்பதா, எல்லை என்பதா தெரியவில்லை. விண்டோஸின் பூட் மேனேஜர் வரைக்கும் இது கொண்டு போய் விடும். அதற்கு மேல் நடப்பது விண்டோஸ் பாடு. எம்பிஆர் டிஸ்கில் விண்டோஸின் பிசிடி (எதை எங்கிருந்து ஏற்றுவது என்று எழுதி வைத்திருக்கிற ஃபைல்), சி டிரைவை டிஸ்கின் கையெழுத்தையும் (அதன் அடையாள எண்) பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற இடத்தையும் வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறது. வலது ஓரத்தை மட்டும் சுருக்கினால் ஆரம்பம் மாறாது, பிரச்சினை இல்லை. இடது ஓரத்தை நகர்த்திவிட்டால், தேவையான டிவைஸைக் காணோம் என்று நீலத் திரை வரும். அங்கே சூப்பர் கிரப்2 டிஸ்க் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் டிவிடியில் ஏறி, பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதுகிற பிசிடிபூட் போட வேண்டியதுதான். பார்ட்டிஷன் சைஸ் மாற்றுகிற ஜிபார்டெட் டூல் இதற்காகவே, பார்ட்டிஷனின் ஆரம்பத்தை நகர்த்தப் போனால், ஓஎஸ் ஏறாமல் போகலாம் என்று ஒரு பெட்டி போட்டு எச்சரிக்கும். லினக்ஸின் பூட் ஃபோல்டர் இருக்கிற பார்ட்டிஷனையும் விண்டோஸின் சி டிரைவையும் பெயர் சொல்லியே எச்சரிக்கும். யார் படிக்கிறார்கள்?

புது லேப்டாப்களில், அதாவது யூஇஎஃப்ஐயும் எம்பிஆருக்குப் பதிலாக வந்த ஜிபிடியும் உள்ளவற்றில், சைஸ் மாற்றியதால் மட்டும் கிரப் படுப்பது குறைந்துவிட்டது. அங்கே கிரப் தன் பார்ட்டிஷனை யூயூஐடி பார்த்தே தேடுகிறது, லாஜிக்கல் எண் குழப்பமும் கிடையாது. அதற்குப் பதிலாக வேறு கூத்து. டிஸ்கின் ஆரம்பத்தில் சிறிய ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், பல மிஷின்களில் 100 எம்பி. இஎஸ்பி என்பார்கள். விண்டோஸின் பூட் மேனேஜரும் உபுன்டுவின் கிரப்பும் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டராக அதற்குள்தான் குடியிருக்கின்றன. இடம் கிடைக்கட்டும் என்று யாராவது அதை அழித்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாசல் இல்லை. கிடைத்த இடம் நாலு வாட்ஸப் வீடியோவுக்குக் காணாது. இந்த நிலைமையிலும் சூப்பர் கிரப்2 டிஸ்க் லினக்ஸைத் தேடி ஏற்றிவிடும், ஏனென்றால் கெர்னல் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கிறது. விண்டோஸை ஏற்றாது. அதன் வாசல் ஃபைல் அழிந்த இடத்தில் இருந்தது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் புதிதாக ஓர் இஎஸ்பி செய்து, ஃபேட்32-ல் ஃபார்மட் போட்டு, அதற்கு ஓர் எழுத்தும் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் காட்டினால் விண்டோஸ் திரும்பிவிடும். யூடியூபில் பூட்ரெக்கின் நாலு கட்டளையை வரிசையாக அடிக்கச் சொல்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. யூஇஎஃப்ஐ மிஷினில் அதில் ஃபிக்ஸ்எம்பிஆருக்கு வேலையே இல்லை, ஃபிக்ஸ்பூட் பெரும்பாலும் 'ஆக்சஸ் ஈஸ் டினைட்' என்று திருப்பி அனுப்பும்.

பூட் கோளாறைத் தானே சரிசெய்யப் பார்க்கிற பூட்-ரிப்பேர் டூல் பற்றிக் கேட்பீர்கள். அதையும் வைத்திருக்கிறேன். லினக்ஸ் மின்டின் லைவ் டிஸ்கிலேயே (இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டுகிற டிஸ்க்) அது இருக்கிறது, தனியாகத் தேட வேண்டாம். அதன் பெரிய பொத்தான், 'ரெகமெண்டட் ரிப்பேர்', பல நேரம் ஒரே அழுத்தலில் வேலையை முடித்துவிடும். ஆனால் முடிக்காத நேரத்தில் என்னென்ன மாற்றியது என்று பின்னால் போய்த் தேடுவது பெரும்பாடு. அந்தப் பெரிய பொத்தானுக்கு முன்னால் என் கை போவது, பூட்இன்ஃபோ சம்மரி எடுக்கிற இடத்துக்கு. டிஸ்கில் எந்த பார்ட்டிஷன், எந்த யூயூஐடி, எந்த செக்டரில் யாருடைய கோடு என்று எல்லாவற்றையும் ஒரே அறிக்கையாகக் கொட்டிவிடும். தூரத்தில் இருக்கிற ஒருவருக்குப் போனில் உதவி செய்ய அதை அடிக்க ஆள் இல்லை. சூப்பர் கிரப்2 டிஸ்கில் ஏற முடிந்த மிஷினுக்கு பூட்-ரிப்பேர் தேவைப்படுவது அபூர்வம். ஏற முடியாத மிஷினுக்கு அந்த அறிக்கை தேவை. என் கடையில் வரிசை அப்படித்தான்.

ரெஸ்க்யூ திரையிலேயே எல்எஸ் அடித்துப் பார்ட்டிஷன்களைப் பார்த்து, செட் கட்டளையால் புது எண்ணைச் சொல்லி, இன்ஸ்மாட் நார்மல், நார்மல் என்று அடித்தும் மீளலாம். அந்தத் திரைக்குத் தெரிந்ததே எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கட்டளைகள்தான். பென்டிரைவ் இல்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் ரிப்பேருக்கு வருகிற லேப்டாப்களில் பாதிக்குக் கீபோர்டில் ஒரு சாவியாவது வேலை செய்யாது. அடைப்புக்குறி விழாத கீபோர்டில் எம்எஸ்டாஸ் என்று அடிப்பதற்கு, அம்புக்குறி இரண்டு தட்டுவது எவ்வளவோ மேல்.

மிஷின் ஏறிய பிறகு இரண்டு சின்ன விஷயம் பாக்கி நிற்கும், கடைக்காரர்கள் பாதிப் பேர் இதைப் பார்க்காமல் கொடுத்தனுப்பிவிடுவார்கள். அப்டேட்-கிரப் போட்ட பிறகு மெனுவில் விண்டோஸ் காணாமல் போனால் பதற வேண்டாம். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடுகிற ஓஎஸ்-ப்ரோபரை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். சில லினக்ஸ்களில் அவர்களே திறந்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் டீஃபால்ட் ஃபோல்டரில் இருக்கிற கிரப் ஃபைலில் 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரியை ஃபால்ஸ் ஆக்கி, இன்னொரு தடவை அப்டேட்-கிரப் போட வேண்டும். இன்னொன்று ஸ்வாப். சைஸ் மாற்றும்போது ஸ்வாப்பை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் அதன் யூயூஐடி மாறியிருக்கும். எஃப்எஸ்டேபில் (லினக்ஸ் ஏறும்போது படிக்கிற பார்ட்டிஷன் பட்டியல்) பழையது இருந்தால் ஒவ்வொரு முறையும் லினக்ஸ் ஏறும்போது 90 செகண்டு அதற்காகக் காத்து நிற்கும். "சரி பண்ணுனதுக்கப்புறம் ஸ்லோ ஆயிட்டு" என்று திரும்பி வருகிற மிஷின்கள் இவைதான். பிஎல்கேஐடி போட்டுப் புது அடையாளத்தைப் பார்த்து, அந்த வரியை மாற்றினால் சரி.

வாங்கலாமா என்று கேட்க இது கடைச்சரக்கு இல்லை. எவ்வளவு இடம் பிடிக்கும் என்றால், தூக்கிப் போட வைத்திருக்கிற பழைய 1 ஜிபி பென்டிரைவே ஏராளம். ரூஃபஸிலோ எட்சரிலோ எழுதிக்கொள்ளலாம், லினக்ஸ் இருந்தால் டிடி போதும். எழுதும்போது அந்தப் பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பது தெரிந்ததுதானே. மிஷின் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அதில் ஏறிப் பாருங்கள், அந்தப் பட்டியல் நல்ல நாளில் எப்படி இருக்கும் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷனில் கை வைப்பதற்கு முன்னால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு முழுசாக ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், அந்த டிரைவின் சைஸை மாற்ற ஜிபார்டெட் மறுக்கும்.

சில லேப்டாப்களில் செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு பென்டிரைவை உள்ளே விடாது, அதை அணைத்தால்தான் வழி பிறக்கும். அணைப்பதற்கு முன், டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருக்கிற விண்டோஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட் முறையில் ஏதாவது மாறியதும் அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு உள்ளே நுழைந்தபோதே அது தானாக ஆன் ஆகியிருக்கலாம், சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. அந்தக் கீ அதே அக்கவுண்டில்தான் இருக்கும், வேறு போனில் லாகின் செய்து எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் மிஷின் கொண்டு வருகிறவர்கள் அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டையும் ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தால் இரண்டு பேருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.